காற்றைக் கண்ணால் காட்டுவோம்!
சின்னஞ் சிறார்களுக்கு வீட்டிலேயே ஒரு விஞ்ஞானப் பாடம்



"உம்மா, காத்து எங்க இருந்து வருது?"

நான்கு வயதைத் தாண்டிய எந்தப் பிள்ளையும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. நாம் என்ன பதில் சொல்கிறோம்? அடுப்பில் சோறு கொதித்துக் கொண்டிருக்கும். கைக்குழந்தை அழுது கொண்டிருக்கும். "அல்லாஹ் அனுப்புறான், போய் விளையாடு" என்று சொல்லி அனுப்பி விடுகிறோம். சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால், பிள்ளையின் மனம் அத்தோடு அடங்குவதில்லை. "அப்ப அல்லாஹ் ஊதுறானா?" என்று அடுத்த கேள்வி வருகிறது. "அஸ்தஃபிருல்லாஹ்! அப்படிக் கேட்கக் கூடாது, பாவம்!" என்று அதட்டி விடுகிறோம்.

பாவம் செய்ய வேண்டும் என்றா பிள்ளை கேட்டது? அறிய வேண்டும் என்ற ஆசையில் கேட்டது. இப்படி நாலைந்து முறை அதட்டப்பட்ட பிள்ளை, கேட்பதையே விட்டு விடுகிறது. பின்னர் பத்தாம் ஆண்டில் விஞ்ஞானப் பாடத்தில் புள்ளி குறைந்ததென்று டியூஷனுக்குப் பணம் தேடி அலைகிறோம். பிள்ளையின் முதல் விஞ்ஞான ஆசிரியை உம்மாதான். முதல் ஆய்வுகூடம் நமது அடுப்பங்கரைதான். இதை நாம் மறந்து விடலாகாது.

பிள்ளைக்கு இப்படிச் சொல்லுங்கள்: "அல்லாஹ் நம்மைப் போல வாயால் ஊதுகிறவன் அல்ல மகன். அவனுக்கு ஒப்பானது எதுவுமில்லை. சூரியனைப் படைத்து, கடலையும் தரையையும் படைத்து, காற்று அசைவதற்கு ஓர் ஒழுங்கை அவன் அமைத்திருக்கிறான். அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது என்று நாம் இரண்டு பேரும் தேடிப் பார்ப்போமா?" யார் அனுப்புகிறான் என்பதற்கு ஈமான் விடை தருகிறது. எப்படி வருகிறது என்பதற்கு விஞ்ஞானம் விடை தேடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பவை அல்ல.

அல்குர்ஆன் ஒரு விஞ்ஞானப் பாடநூல் அல்ல. அது நேர்வழி காட்டும் வேதம். ஆயினும், சிந்திக்கும் மக்களுக்கு அத்தாட்சியாக அது எண்ணிக் காட்டுபவற்றுள் காற்றுகள் திருப்பி விடப்படுவதும் ஒன்று. ஸூரத்துல் பகராவின் 164ஆம் வசனத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். பார்க்கவும் சிந்திக்கவும் நம்மைத் தூண்டும் மார்க்கத்தில் பிறந்த பிள்ளையின் கேள்வியை நாமே அடைத்து விடலாமா?

இனி, வீட்டில் உள்ள சாமான்களைக் கொண்டே காற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் வழிகளைப் பார்ப்போம். ஒருநாளைக்கு ஒன்று போதும். கால் மணித்தியாலம் போதும்.

காற்று 'ஒன்றுமில்லை' அல்ல

வெறும் கிளாஸ் ஒன்றைக் காட்டி, "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். "ஒண்டுமில்லை" என்று பிள்ளை சொல்லும். இப்போது ஒரு கடதாசித் துண்டைக் கசக்கி, கீழே விழாதபடி கிளாஸின் அடியில் இறுக்கி வையுங்கள். ஒரு வாளி தண்ணீரில் கிளாஸைக் கவிழ்த்தபடி, சரிக்காமல் நேராக அமிழ்த்துங்கள். பின்பு நேராகவே வெளியே எடுங்கள். கடதாசி நனைந்திருக்காது!

பிள்ளையின் முகத்தில் தோன்றும் வியப்பைப் பாருங்கள். "ஏன் நனையவில்லை?" என்று நீங்களே கேளுங்கள். உடனே விடையைச் சொல்லி விடாதீர்கள். மீண்டும் கிளாஸை அமிழ்த்தி, இம்முறை சற்றுச் சரித்துப் பிடியுங்கள். குமிழ் குமிழாக ஏதோ வெளியேறும். தண்ணீர் உள்ளே ஏறும். உள்ளே இருந்தது காற்று, அதுதான் தண்ணீருக்கு இடம் விடாமல் தடுத்தது என்பதைப் பிள்ளை தானே கண்டு கொள்ளும்.

காற்றுக்கு இடம் வேண்டும் என்பது போலவே அதற்கு நிறையும் உண்டு. ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் நிறையுடையது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையில் அடைபட்டிருக்கும் காற்றின் நிறை 30 கிலோவுக்கும் அதிகம். அறையைக் கூட்டிப் பெருக்கும் நாம் இத்தனை கிலோவுக்கு நடுவே நடமாடுகிறோம் என்று நினைத்திருப்போமா? மீன் கடலின் அடியில் வாழ்வது போல நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம். எல்லாப் பக்கங்களிலிருந்தும் உடலின் உள்ளிருந்தும் அழுத்தம் சமமாக இருப்பதனால் அந்தப் பாரம் நமக்குத் தெரிவதில்லை. காற்று இப்படி அழுத்துவதைத்தான் பாடசாலைப் புத்தகங்கள் வளியமுக்கம் என்கின்றன.

சூடானால் விரியும், மேலெழும்

வெறும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். போத்தலைச் சுடுநீர்ச் சட்டியில் நிறுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். தொங்கிக் கிடந்த பலூன் மெல்ல எழுந்து நிற்கும். யாரும் ஊதவில்லையே! உள்ளே இருந்த காற்று சூடாகி விரிந்ததுதான் காரணம். அதே போத்தலைக் குளிர்ந்த நீரில் வைத்தால் பலூன் மீண்டும் சுருங்கும். (மிகச் சிறிய பிள்ளைகளின் கையில் பலூனைத் தனியே கொடுத்து விடாதீர்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக் கொள்ளும்.)

விரிந்த காற்று இலேசாகிறது. இலேசானது மேலே போகிறது. இதைக் காட்ட ஒரு வட்டக் கடதாசியைப் பாம்பு சுருண்டது போல வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வெட்டுங்கள். அதன் நடுவில் நூல் கட்டி, எரியும் குப்பி விளக்குக்கு ஒரு முழம் மேலே தூக்கிப் பிடியுங்கள். கடதாசிப் பாம்பு தானே சுழலும். இந்தச் சோதனையை மட்டும் உம்மாவே கையில் பிடித்துச் செய்ய வேண்டும். பிள்ளை தள்ளி நின்று பார்க்கட்டும்.

மேலே போன காற்றின் இடம் வெறுமையாக இருக்குமா? இராது. பக்கத்திலுள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஓடி வரும். காற்றின் இந்த ஓட்டத்தைத்தான் "காற்று வீசுகிறது" என்கிறோம். அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும். ஊதிய பலூனின் வாயைத் திறந்து பிள்ளையின் கன்னத்தில் பிடித்தால், நெருக்கிக் கிடந்த காற்று வெளியே பாய்வதை அது உணரும். சைக்கிள் டயரிலிருந்து காற்று இறங்குவதும் அப்படித்தான்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. விறகடுப்பு எரியும் குசினியில் மேலே புகை போக ஒரு வழியும், கீழே புதுக்காற்று வர ஒரு வழியும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் புகை நம் கண்ணையும் நெஞ்சையும் தேடித்தான் வரும். அறையில் ஒரு யன்னலை மட்டும் திறந்து வைத்து "காத்தே இல்ல" என்று சொல்வதை விட, எதிர்ப்பக்க யன்னலையும் திறந்து பாருங்கள். காற்றுக்கு வரும் வழியும் வேண்டும், போகும் வழியும் வேண்டும்.

கடலும் தரையும்

ஒரு தட்டில் மணலையும் இன்னொரு தட்டில் தண்ணீரையும் எடுத்து, நண்பகல் வெயிலில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். பிள்ளை இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும். மணல் சுடும், தண்ணீர் அவ்வளவாகச் சுடாது. பின்பு நிழலில் வைத்தால் மணல் விரைவில் ஆறும்; தண்ணீர் மெல்லத்தான் ஆறும்.

கல்முனையிலும் காத்தான்குடியிலும் பேருவளையிலும் கற்பிட்டியிலும் வாழும் பிள்ளைகள் அன்றாடம் அனுபவிக்கும் விடயம் இந்த இரண்டு தட்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது. பகலில் தரை விரைவாகச் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்று எழுகிறது. கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று கரைக்கு ஓடி வருகிறது. இது கடற்காற்று. இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. கடல் தன் சூட்டை வைத்துக் கொண்டிருக்கிறது. ஆகவே, விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்கிறது. இது தரைக்காற்று. பாய்மரத் தோணிக்காரர்கள் தரைக்காற்றோடு இருட்டில் புறப்பட்டு, பகலில் கடற்காற்றோடு கரை திரும்பியதன் இரகசியம் இதுதான்.

இதையே பெரிதாக்கினால் பருவக்காற்று! கோடையில் ஆசியக் கண்டத்தின் பெருநிலம் சூடாகும்போது இந்து சமுத்திரத்திலிருந்து ஈரக்காற்று வருகிறது. அதுதான் மே முதல் செப்டம்பர் வரை நமக்கு வீசும் தென்மேல் பருவக்காற்று. குளிர்காலத்தில் நிலம் குளிர்ந்து விட, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வருகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரையே அதற்கு வைப்பார்கள் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

கிழக்கு மாகாணத்தில் உள்ளவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: "தென்மேல் காற்று மழைக்காற்றென்றால், ஜூன், ஜூலையில் நமக்கு மட்டும் ஏன் சுடுகின்ற கச்சான் காற்று?" நல்ல கேள்வி. அந்தக் காற்று மலைநாட்டில் ஏறும்போது மேற்குச் சரிவுகளிலேயே தன் ஈரத்தை மழையாகக் கொட்டி விடுகிறது. மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது வரண்டு, சூடேறி வருகிறது. கொழும்பில் குடையையும் மட்டக்களப்பில் விசிறியையும் தேட வைப்பது ஒரே காற்றுத்தான்.

நம் மூதாதையரும் காற்றும்

பருவக்காற்றை ஆங்கிலத்தில் மொன்சூன் என்பர். 'பருவம்' என்று பொருள்படும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. தென்மேல் காற்றோடு அரபுக் கப்பல்கள் கிழக்கே வந்தன. வடகீழ்க் காற்றோடு மேற்கே திரும்பின. காற்று மாறும்வரை வணிகர்கள் கரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படித் தங்கியவர்களில் சிலர் இங்கேயே மணமுடித்துக் குடும்பமாயினர். இலங்கையில் நமது சமூகம் வேரூன்றிய வரலாற்றில் காற்றுக்கும் ஒரு பங்குண்டு என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணிமைக்காமல் கேட்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தப் பருவத்தில் புறப்பட வேண்டும் என்பதையெல்லாம் நூலாக எழுதி வைத்தார்.

பாரசீகத்தின் ஸீஸ்தான் பகுதியில் காற்றினால் ஆலைகள் சுழன்றதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே அல் மஸ்ஊதி எழுதியுள்ளார். ஈரானின் நஷ்தீபான் என்ற ஊரில் அவ்வகைப் பழைய காற்றாலைகளை இன்றும் காணலாம்.

நமது நாடு மட்டும் பின்தங்கியதா? பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. துருத்தி ஊத வேண்டிய வேலையைத் தென்மேல் பருவக்காற்றே செய்திருக்கிறது! கில் ஜூலெஃப் என்ற பெண் ஆய்வாளர் அதே போன்ற உலையை மீண்டும் கட்டி, காற்றின் பலத்தினாலேயே உருக்கு எடுத்துக் காட்டி, 1996இல் அதை உலகறிய வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அல் கிந்தி, ஸரன்தீபின் உருக்கையும் குறிப்பிட்டிருக்கிறார். இதை உங்கள் பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மலையேறித் தேடி, உலை மூட்டிப் பார்த்து, ஒரு நாட்டின் மறந்துபோன அறிவை மீட்டுக் கொடுத்தவர் ஒரு பெண்.

இன்று அதே காற்று மின்சாரமும் தருகிறது. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணையில் 30 கோபுரங்கள் உள்ளன. அவற்றின் மொத்த வலு ஏறத்தாழ 100 மெகாவொற். அந்தப் பக்கம் பயணம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டத் தவற வேண்டாம்.

காற்றை அளப்போம்

1805ஆம் ஆண்டில் பியூபோர்ட் என்ற கடற்படை அதிகாரி, காற்றின் வேகத்தைக் கண்ணால் பார்த்தே சொல்வதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். 0 முதல் 12 வரை எண்கள். முதலில் கப்பல் பாய்களைப் பார்த்து அளந்தார்கள். தரையில் பார்க்கும் அடையாளங்கள் பின்னர் சேர்ந்தன. பிள்ளைகளுக்காகச் சிலவற்றை மட்டும் தருகிறேன். ஓர் அட்டையில் எழுதி வாசற்கதவில் ஒட்டி வையுங்கள்.

0 – புகை நேராக மேலே போகும்.
2 – முகத்தில் காற்றுப் படுவது தெரியும், இலைகள் சலசலக்கும்.
4 – தூசியும் கடதாசியும் பறக்கும்.
6 – பெரிய கிளைகள் ஆடும்; குடை பிடிப்பது கஷ்டம்.
8 – சிறு கிளைகள் முறியும். எதிர்த்து நடப்பது கடினம்.
12 – சூறாவளி வேகம். மணிக்கு 118 கிலோமீற்றருக்கு மேல்.

ஒரு தடியில் கைலேஞ்சியைக் கட்டி முற்றத்தில் நட்டு விடுங்கள். ஏழு நாளைக்குக் காலையும் மாலையும் எந்தத் திசைக் காற்று, எத்தனையாம் எண் என்று பிள்ளை ஒரு கொப்பியில் குறிக்கட்டும். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். கிப்லா எந்தப் பக்கம் என்பது பிள்ளைக்குத் தெரியும்; அதைக் கொண்டே மற்றத் திசைகளையும் பழக்கி விடலாம்.

பயமும் அறிவும்

முற்றத்தில் குப்பையைச் சுழற்றிக் கொண்டு ஒரு சிறு சுழல் எழுந்தால், "பேய்க்காத்து! உள்ளுக்கு வா!" என்று கத்துகிறோம். வெயிலில் தரை அளவுக்கு மீறிச் சூடாகும்போது எழும் காற்று சுழன்று போவதுதான் அது. கண்ணில் தூசி விழும் என்று உள்ளே அழைப்பது சரி. பேய் என்று சொல்லி அழைப்பது சரியல்ல. அந்தப் பயம் பிள்ளையின் மனதில் பல காலம் தங்கி விடும்.

எதற்குப் பயப்பட வேண்டுமோ அதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட மூத்தவர்கள் கிழக்கில் இன்னும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் மௌத்தானார்கள், தென்னந்தோட்டங்கள் சாய்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் காற்றை விட மழையும் வெள்ளமும் மண்சரிவுமே உயிர்களைப் பறித்தன. நமக்குச் சூறாவளி வரும் காலம் பெரும்பாலும் நவம்பரும் டிசம்பரும்தான்.

ஒன்றை மட்டும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். சூறாவளி ஒரு பெரும் சுழல். அதன் நடுவே 'கண்' என்று சொல்லப்படும் அமைதியான பகுதி உண்டு. அது நமது ஊருக்கு மேலாகக் கடந்தால், ஊளையிட்ட காற்று திடீரென நின்று விடும். சில வேளை வானமும் வெளிக்கும். "அல்ஹம்துலில்லாஹ், விட்டுட்டு" என்று கூரையைப் பார்க்கவும் ஆட்டைத் தேடவும் வெளியே போனவர்கள் அகப்பட்டுக் கொள்வது அப்போதுதான். ஏனெனில், சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அதே மூர்க்கத்தோடு வரும். அறிவிப்பு வரும்வரை வெளியே போகலாகாது. கிளாஸில் கடதாசி வைத்துத் தொடங்கிய பாடம் ஓர் உயிரைக் காப்பாற்றும் இடம் இது.

காற்றைத் திட்டலாமா?

காயப் போட்ட துணி பறந்து சேற்றில் விழுந்தால், "நாசமாப் போன காத்து" என்று நம் வாயில் வந்து விடுகிறது. காற்றைத் திட்ட வேண்டாம் என்றும், அதன் நலவை அல்லாஹ்விடம் கேட்டு அதன் தீங்கை விட்டும் அவனிடம் பாதுகாப்புத் தேடுமாறும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மேகம் கறுத்துக் காற்று எழும்போது அவர்களது முகம் மாறி விடும், உள்ளேயும் வெளியேயும் நடப்பார்கள், மழை பெய்த பின்பே அமைதி அடைவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஆது கூட்டத்தாரை அழித்ததும் காற்று. நபி ஸுலைமான் (அலை) அவர்களுக்கு வசப்படுத்திக் கொடுக்கப்பட்டதும் காற்று. மழைக்கு முன் நன்மாராயமாக வருவதும் காற்றுத்தான்.

சோளப் பூவின் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதும், வயலில் நெல்லையும் பதரையும் பிரித்துத் தருவதும், சுளகில் நாம் அரிசி புடைக்கும்போது உமியை ஊதி எடுப்பதும் அதே காற்று. அடுத்த முறை சுளகைக் கையில் எடுக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக் கொள்ளுங்கள். "உமி ஏன் பறக்குது, அரிசி ஏன் விழுது?" என்று நீங்கள் முந்திக் கொண்டு கேளுங்கள்.

உங்களுக்கு விடை தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால் வெட்கப்பட வேண்டாம். "எனக்கும் தெரியாது மகள், தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தேடும் பழக்கத்தைப் பிள்ளை உங்களிடமிருந்தே பழகிக் கொள்ளும். கேட்கத் தெரிந்த பிள்ளைகளை வளர்த்தெடுக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!